கல்லுக்கு முகம் வரைந்த கதை

  கண் ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் என் முதல் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். அரை மணி நேரமாவது ஆகும், குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நண்பர்களோடு வண்டியில் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைக்குப் போயிருக்கிறான். பெரிய பாறை, அதன் முன்னால் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாறை முழுக்க வெள்ளை பெயின்ட்டில் பெயர்கள், இதயம், அம்பு. "இது என்னடா?" என்று கேட்டேன். "நாங்க எழுதல டீச்சர், யாரோ எழுதிட்டாங்க" என்றான். சரி என்று விட்டேன். பத்து நிமிடம் கழித்து அவனே ஒரு கேள்வி அனுப்பினான்: "ஆனா டீச்சர், அந்தக் காலத்துல அவன் கல்லுல மனுஷன வரைஞ்சா ஓவியம், இந்தக் காலத்துல இவன் பேரெழுதினா கிறுக்கலா?"

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. முப்பது வருஷம் கழித்து நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். "பிறகு எழுதுகிறேன் தம்பி" என்று போட்டேன். இதுதான் அந்தப் "பிறகு".

எங்கள் வீட்டிலும் இப்போது கல் ஓவியக் காலம்தான். பேத்தி கூழாங்கற்களில் ஆள் வரைகிறாள். கல்லின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தீர்மானிக்கிறாள். நீளமாக இருந்தால் தாத்தா, குண்டாக இருந்தால் நான். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கு ஆயா" என்பாள். அவள் விளையாட்டாகச் சொல்வதுதான் இந்த வரலாற்றின் முதல் பாடம்.

தென்னாப்பிரிக்காவில் மகபன்ஸ்காட் என்ற இடத்தில் 1925-இல் ஒரு குகையிலிருந்து ஒரு சிவப்புக் கூழாங்கல் கிடைத்தது. இரண்டு கண், ஒரு வாய் இருப்பது போன்ற குழிகள் அதில் இருக்கின்றன. யாரும் செதுக்கியதில்லை, தண்ணீரில் உருண்டு தானாக வந்த முகம். அந்தக் குகையில் அந்த வகைக் கல்லே கிடையாது. பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து யாரோ எடுத்து வந்திருக்க வேண்டும். குகையில் இருந்த எலும்புகளோ ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. நம்மைப் போன்ற மனிதர் தோன்றாத காலம் அது, மனிதக் குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் இருந்த உயிர்கள் வாழ்ந்த காலம். அதில் ஒன்று கல்லைப் பார்த்து "அட, முகம்!" என்று நின்றிருக்குமோ என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் கேள்வி அழகாக இருக்கிறது.

அடுத்தது ஸ்பெயின் நாட்டில் செகோவியா நகருக்கு அருகே ஒரு பாறைக் குடைவு. அங்கே கிடைத்த ஒரு கருங்கல் பற்றி 2025-இல் செய்தி வந்தது, நீங்களும் படித்திருக்கலாம். கல்லில் இயற்கையாகவே கண், வாய் போலப் பள்ளங்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு செங்காவிப் பொட்டு. அந்தப் பொட்டில் ஒரு விரல் ரேகை பதிந்திருக்கிறது. ஏறத்தாழ 43,000 ஆண்டுகளுக்கு முன்பு நியாண்டர்தால் மனிதர் ஒருவர் விரலைக் காவியில் தோய்த்து வைத்த பொட்டு அது என்கிறார்கள். ஒரே ஒரு பொட்டு, கல் முகமாகிவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது நம் ஊர்த் தெருமுனைகள்தான். வேப்பமரத்தடியில் ஒரு கல் கிடக்கும். சிற்பி தொடாத கல். யாரோ ஒரு அம்மா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளியில் இரண்டு கண்மலர் ஒட்டிவிட்டால் அது கல் இல்லை, அம்மன். அடுத்த நாள் முதல் அந்த வழியாகச் செருப்புப் போட்டு நடக்க நம் கால் கூசும். கண் வைப்பதில் அவ்வளவு இருக்கிறது. சிலை செய்பவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கண்ணைக் கடைசியில் திறப்பதும் இதனால்தான்.

திருவக்கரைக்கு உங்களில் பலரை நான் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே கல்மரங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு ஆற்று மணலில் புதைந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இல் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். ஊர்க்காரர்களுக்கோ அவை வக்கிராசுரனின் எலும்புகள். நான் அதைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். கல்லைப் பார்த்தால் ஆளைத் தேடுவது மனித மூளைக்குப் பழகிப்போன வேலை, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இனிக் கொஞ்சம் பிரான்சுக்குப் போவோம். புதுச்சேரிக்காரர்களுக்கு அது என்ன, பக்கத்துத் தெரு மாதிரி. எங்கள் மாமா ஒருவர் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்று அந்த நாட்டின் தெற்கே துலூஸ் பக்கம் குடியேறியவர். லீவுக்கு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டு வருவார். டீச்சரம்மாவுக்கு மட்டும் புத்தகமும் படத் தபால் அட்டையும். அப்படி ஒரு தடவை வந்த அட்டையில் வரிசையாகக் கூழாங்கற்கள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டும் கோடும். "உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க செய்யிற மாதிரியே இருக்குதும்மா" என்றார்.

அவை மாஸ் தஸீல் கற்கள். பிரெனே மலையடிவாரத்தில் ஒரு பெரிய குகை, அதற்குள்ளே ஓர் ஆறே ஓடுகிறது. சாலையும் அதற்குள்ளேதான் போகிறது. 1887 முதல் 1889 வரை எதுவார் பியெத் என்பவர் அங்கே அகழ்ந்தார். தொழிலால் நீதிபதி, ஆர்வத்தால் அகழாய்வாளர். நூற்றுக்கணக்கில் கூழாங்கற்கள் கிடைத்தன, எல்லாம் பக்கத்து ஆற்றில் பொறுக்கியவை. அவற்றில் செங்காவியால் புள்ளி, பட்டை, குறுக்குக் கோடு, வளைகோடு. பனிக்காலம் முடிந்து, குகைச் சுவரில் காளையும் குதிரையும் வரைந்த தலைமுறைகள் போய்விட்ட பிறகு, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்கள் செய்தவை. முன்னோர் வரைந்த பிரம்மாண்டமான காளைகள் எங்கே, கைக்குள் அடங்கும் இந்தப் பொட்டுக் கற்கள் எங்கே!

பியெத் இவற்றை எழுத்து என்று நினைத்தார். எண்ணிக்கைக் குறிகளும் எழுத்துக் குறிகளும் இருப்பதாக ஒரு புத்தகமே எழுதினார். முதலில் பலர் நம்பவில்லை, போலி என்றார்கள். பிறகு ஹ்யூகோ ஓபர்மையர் என்ற அறிஞர் வேறொன்று சொன்னார். ஸ்பெயின் நாட்டுப் பாறைகளில் மனித உருவத்தை வரைந்து வரைந்து, வர வர எளிமையாக்கி, கடைசியில் இரண்டு மூன்று கோடாகச் சுருக்கிவிட்டார்கள். அதே சுருக்கம்தான் இந்தக் கற்களில் இருப்பதும், ஆகவே இவை மனிதர்கள் என்றார். இதை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. காரணம், ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் குழந்தைகளின் ஓவியம் பற்றி ஒரு பாடம் உண்டு. மூன்று, நான்கு வயதுக் குழந்தை மனிதனை வரைந்தால் முதலில் ஒரு வட்டம், அதிலிருந்து நேரே இரண்டு கால். உடம்பே இருக்காது. "இது யாரு?" என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் "அப்பா" என்று சொல்லும். வரைந்தவருக்குத் தெரிந்தால் போதும். பார்ப்பவருக்குத்தான் ஆராய்ச்சி.

இன்னொன்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். செர்பியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் லெபென்ஸ்கி வீர் என்ற இடத்தில் 1960களில் அகழ்ந்தபோது உருண்டை ஆற்றுக்கற்கள் கிடைத்தன. கல்லின் உருண்டையை அப்படியே விட்டு, கண்ணும் வாயும் மட்டும் வெட்டியிருந்தார்கள். பாதி மனிதன், பாதி மீன். அந்த வாயைப் பார்த்தால் வீராம்பட்டினத்து மீன் கூடை ஞாபகம் வரும். ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமை. வீட்டுக்குள்ளே அடுப்பின் அருகில் வைத்திருந்தார்களாம்.

இப்போது கீழ்வாலை. தம்பி, இது உனக்கு.

நான் அங்கே போனது பணியில் இருந்தபோது, சக ஆசிரியைகளோடு ஒரு வேனில். செஞ்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் பாறைகளை யாரோ அடுக்கி வைத்தது போலவே இருக்கும். யாரும் அடுக்கவில்லை. கருங்கல்லில் விரிசல் விழுந்து, அந்த வழியாக வெயிலும் மழையும் புகுந்து, மூலை முனைகள் உதிர்ந்து உருண்டையாகி நிற்கின்றன. அடியில் நிழலான குடைவுகள் உண்டாகும். அந்த நிழலில்தான் ஓவியம். அங்கே இருக்கும் சிவப்பை இரத்தம் என்று எண்ணி, ஊர்க்காரர்கள் "ரத்தக் குடைக்கல்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓவியம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு முன்னால் பெயர் வந்துவிட்டது.

முதலில் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ வெற்றிலைச் சாறு துப்பிய கறை போல இருந்தது. கண் நிழலுக்குப் பழகிய பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரு விலங்கின்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் அதைக் கயிறு பிடித்து இழுத்துப் போகிறார். பறவையின் முகம் வைத்த மனிதர்கள், ஒருவேளை முகமூடி போட்டு ஆடுகிறார்களோ என்னவோ. ஒரு படகு. படகைப் பார்த்ததும் எங்களில் ஒருவர், "இங்க ஏதுடி கடலு?" என்றார். ஆறு இருந்திருக்கும், ஏரி இருந்திருக்கும். அல்லது நம் கடற்கரைக்கு வந்து போனவர் ஒருவர் வீடு திரும்பிப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியிருக்கலாம். இந்தக் கடைசி ஊகம் என்னுடையது, எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம்.

இவற்றின் வயதைச் சரியாகச் சொல்வது கடினம். கார்பன் முறையில் கணக்கிட மரம், கரி, எலும்பு என்று உயிருள்ள ஒன்றிலிருந்து வந்த பொருள் வேண்டும். செங்காவி என்பது இரும்புத் துரு கலந்த மண், அதில் அளக்க ஒன்றும் இல்லை. அதே காரணத்தால்தான் அது நிலைத்தும் நிற்கிறது. செடியின் சாயமாக இருந்தால் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். இரும்பு ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது, இனி அது கெடுவதற்கு வழியில்லை. நம் வீட்டு வாசலில் கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை அடிக்கிறோமே, அதே காவிதான். அது அடுத்த மழையில் போய்விடும். பாறைக்கு அடியில் மழைபடாமல் இருந்ததால் இது தங்கிவிட்டது.

இந்தியாவில் பாறை ஓவியங்களை முதலில் கவனித்து எழுதியவர் கார்லைல் என்ற ஆங்கிலேயர், 1867-68இல், மிர்சாப்பூர் பக்கம். ஐரோப்பாவில் புகழ்பெற்ற அல்தமீரா குகை ஓவியங்கள் கண்ணில் பட்டதே 1879-இல்தான். வாகன்கர் பீம்பேட்காவைக் கண்டது 1957-இல், அது உலகப் பாரம்பரியச் சின்னமானது 2003-இல். கீழ்வாலைக்கு அந்தப் பெயரும் புகழும் இல்லை. அதனால் அங்கே பெயின்ட் டப்பாவோடு போகிறார்கள். பல ஊர்களில் ஓவியப் பாறைகளுக்குப் பக்கத்திலேயே கல்குவாரி வெடி வைக்கிறார்கள். ஜல்லியாகி நம் வீட்டுத் தளத்துக்குள் எத்தனை ஓவியம் போனதோ.

அதே வட்டாரத்தில் உடையாநத்தம் என்ற ஊரில் விசிறிப்பாறை இருக்கிறது. ஒரு பெரிய பலகைக் கல் நிமிர்ந்து நிற்கிறது. தலை கிடையாது. இரண்டு பக்கமும் தோள் விரிந்து விசிறி போல இருக்கும். தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூரிலும் அப்படி ஒன்று உண்டு. பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களைப் புதைத்த இடங்களில் நிறுத்தியவை. கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் தோள்தான். அதைத் தாய்த்தெய்வம் என்கிறார்கள். எதிரே நின்று பார்த்தால் கல் என்று நினைக்கத் தோன்றாது.

தமிழில் கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு பெயர் உண்டு: காட்சி. வீரன் இறந்தால் நடுகல் நடுவதில் அதுதான் முதல் படி என்று தொல்காப்பியம் சொல்கிறது. பொருத்தமான கல்லைக் காண்பது காட்சி. பிறகுதான் எடுப்பது, நீராட்டுவது, நடுவது எல்லாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல் தேடி இமயம் வரை போன கதையில் காட்சிக் காதை, கால்கோள் காதை, நீர்ப்படைக் காதை, நடுகல் காதை என்று இந்தப் படிகளே காதைகளுக்குப் பெயராகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். "காட்சி" என்றால் என் பேத்தி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என்று சொன்னால் புரியும்.

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் நாம் அறிந்தவற்றில் மிகப் பழையவை. சீராகச் செதுக்காத கரடுமுரடான கற்கள். அவற்றில் உருவமே கிடையாது, தமிழிப் பொறிப்பு மட்டும்தான். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயர். வெறும் பெயர் போதும் என்று நினைத்த காலம் அது. பல நூற்றாண்டுகள் கழித்து செங்கம் பகுதி நடுகற்களில் வில்லோடும் வாளோடும் வீரன் வந்து நிற்கிறான். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து நின்றது என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது.

நம் அரிக்கமேட்டைச் சொல்லாமல் விட்டால் காக்காயன்தோப்பு மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். மழை பெய்து மண் கரைந்தால் ஆற்றங்கரையில் மணி பொறுக்கியது உங்களில் யாருக்கு ஞாபகம் இல்லை? உங்களுக்கு முன்னே உங்கள் தாத்தாக்கள் பொறுக்கினார்கள். அப்படிப் பிள்ளைகள் கையில் கிடைத்தவற்றைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் இந்த மேட்டின் அருமையை உணர்ந்தார். 1937-இல் அவருக்குக் கிடைத்த ஒரு சிறிய கல்லில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் சொன்னார். பிறகு 1945-இல் வீலர் வந்தார், 1947 முதல் கசால் வந்தார், 1989 முதல் விமலா பேக்லி குழுவினர் வந்தார்கள். இதெல்லாம் நான் வகுப்பில் சொல்லிச் சொல்லி உங்களுக்குப் புளித்துப் போனது. சொல்லாதது ஒன்று: இங்கே கிடைத்த இன்னொரு கல் பளிங்கு. அதில் சிறகுள்ள ஒரு சிறுவனும் ஒரு பறவையும். பட்டை தீட்டி முடிக்காத கல் அது. முடித்த கல் என்றால் கப்பலில் வந்தது என்று சொல்லிவிடலாம். முடிக்காத கல் என்றால் செதுக்கியவர் இங்கேயே உட்கார்ந்திருந்தாரா? நம் ஆற்றங்கரையில், எங்கோ ஒரு கீற்றுக் கொட்டகையில், சுண்டுவிரல் நகமளவு கல்லில் முகம் வெட்டிக்கொண்டிருந்தவரை யாரோ சாப்பிடக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், தம்பி.

பழையது என்பதாலேயே ஒன்று ஓவியமாகிவிடாது. கீழ்வாலைக்காரன் வரைந்தபோது அதுவும் அன்றைய புதுக் கிறுக்கல்தான். அவன் அம்மாவே திட்டியிருக்கலாம். பெயர் எழுதுவதும் குற்றம் இல்லை, புலிமான்கோம்பையில் பெயர்தான் எழுதினார்கள். வெறும் பாறையில் உன் நண்பன் ஒரு ஆளை வரைந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தார். அவர் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் அதற்குத்தான். அந்த எண்ணெய் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் இருக்கும் காவியும் சேர்ந்து வந்துவிடும், எடுக்கவும் முடியாது.

இதைக் கோபமாக எழுதி முடித்துவிட்டுத்தான் போன வாரம் ராத்திரி படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதில் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மூன்றாம் வகுப்பு. கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் டெஸ்க்குக்கு அடியில் எதையோ நகர்த்திக்கொண்டே இருந்தான். போய்ப் பார்த்தால் மூன்று கூழாங்கல். ஒன்றில் மீசை வைத்த ஆள், பேனா மையில். ஒன்றில் பெண், நெற்றியில் சிவப்பு நகப்பூச்சில் பொட்டு. ஒன்று சின்னது, அதற்குக் கண் மட்டும். எனக்கு அன்று என்ன கோபமோ, மூன்றையும் அள்ளிப் பள்ளிக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் வீசிவிட்டேன். அவன் அழவில்லை. "டீச்சர், போய் அம்மாவ மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். "உக்காருடா" என்றேன்.

அவன் அம்மா அப்போது இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது பள்ளி ஆயா சொல்லிப் பிறகுதான் தெரிந்தது. அம்மா நல்லபடியாகத் திரும்பி வந்தார், இன்றும் இருக்கிறார். அந்தக் கற்கள் திரும்பவில்லை. குழந்தை ஓவியம் பற்றிப் பயிற்சிப் பள்ளியில் படித்து, பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

அவனும் இந்த முகநூலில் இருக்கிறான். என் எல்லாப் பதிவுக்கும் தவறாமல் கைகூப்பு போடுகிறவன். இதை எழுதும் முன் அவனைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று நேற்று போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "தம்பி, நீ ஆத்துல பொறுக்கி வந்து வரைஞ்ச கல்லை நான் தூக்கிப் போட்டேன்ல, அது தப்புடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "ஆத்துல இல்ல டீச்சர்" என்றான். "நம்ம ஆத்துல ஏது கூழாங்கல்லு, எல்லாம் சேறும் மணலும்தானே. அது திருக்கோயிலூர்ல, எங்க அம்மாச்சி ஊர்ல, பெண்ணையாத்துல அம்மாவும் நானும் சேர்ந்து பொறுக்கினது. அந்த மீசைக்கல்லு மட்டும் லேசா உடைஞ்சிருக்கும், ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றான்.

பொங்கல் லீவில் அம்மாவை அழைத்துக்கொண்டு திருக்கோயிலூர் போகிறானாம். பேத்திக்கு ஒரு பை கூழாங்கல் கேட்டிருக்கிறேன்.